வக்கீலம்மா வீட்டுச் சுவருக்கு என்ன நிறம்?

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே அம்மா, அண்ணி, நான் மூவரும் சௌக்கியம் என்று ஆரம்பிப்பதுதான் மரியாதை, ஆரம்பித்துவிட்டேன். உண்மையில் மூவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை. காரணம் நீ. போனில் சொன்னால் "சரிண்ணா, சரிண்ணா" என்று காதில் வாங்காமலே வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

நம் பெயிண்ட் கடைக்கு நீ செய்து கொடுத்த வெப்சைட்டைப் பற்றித்தான் பேச்சு. அழகில் குறை சொல்ல மாட்டேன். நிறங்கள் கட்டம் கட்டமாக மின்னின. எழுத்துகள் மட்டும் வெளிறிப்போய் அம்மாவால் படிக்க முடியவில்லை. அது ஸ்டைல் என்று நீ சொன்னதை அம்மாவிடம் சொன்னேன், அம்மா திருப்பிச் சொன்னதை இங்கே எழுத முடியாது. போன மாதம் ஒரு அம்மாள் கடைக்கு வந்தார். கறுப்புக் கோட்டு, கையில் மடக்குக் குச்சி, பிறவியிலேயே பார்வை இல்லாதவர், தொழில் வக்கீல். வக்கீல் என்றதுமே கல்லாவை விட்டு எழுந்து நின்றேன். தன் போனைக் கல்லாமேஜை மேல் வைத்து நம் வெப்சைட்டைத் திறந்தார். திரையில் இருப்பதை எல்லாம் அந்தப் போன் வாய்விட்டுப் படிக்குமாம். நம்முடையதையும் படித்தது. "படம். படம். படம். பெயரில்லாத பட்டன். படம்." கடையில் இருந்த பெயிண்டர்கள் எல்லாம் கூடி நின்று கேட்டார்கள். "அந்தப் பெயரில்லாத பட்டனை அமுக்கினேன் சார், நான் நிரப்பின ஆர்டரெல்லாம் அழிஞ்சுபோச்சு. அது என்ன பட்டன்?" என்றார். எனக்கே தெரியாது. "கேஸ் போடப்போறீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டேன். "பெயிண்ட் வாங்கப்போறேன் சார்" என்றார்.

புது வீடு கட்டியிருக்கிறார்கள். உனக்கு என்ன தெரியப்போகிறது என்று வீட்டுக்காரரும் மற்றவர்களும் கூடிப் பேசி எல்லா அறைக்கும் வெள்ளை என்று முடிவு செய்துவிட்டார்களாம். ஹாலுக்காவது தானே ஒரு நிறம் எடுக்க வேண்டும் என்பது இவர் ஆசை. என் வாய்தான் உனக்குத் தெரியுமே, "கண்ணு தெரியாதவங்களுக்குக் கலர் எதுக்கும்மா?" என்று கேட்டுத் தொலைத்தேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "உங்க முதுகை நீங்க பார்த்திருக்கீங்களா சார்? அப்புறம் எதுக்குச் சட்டைக்குப் பின்பக்கமும் துணி கேட்கறீங்க?" என்றார். நான் என் முதுகைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன். பட்டன்களுக்குப் பெயர் வைத்தாய், அதற்கு நன்றி. "ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலயும் விளக்கம் எழுத ஒரு கட்டம் இருக்குண்ணா, ஸ்க்ரீன்ல யாருக்கும் தெரியாது, அவங்க போன் மட்டும்தான் படிக்கும்" என்றாய். யாருக்கும் தெரியாது என்று நீ சொன்னதை அடிக்கோடிட்டுக் கொள். கம்பெனி வைத்த பெயர்களையே அதில் போட்டேன்: "கடல் முத்தம்", "இளவேனில் ரகசியம்". வக்கீலம்மா கேட்டுவிட்டு, "சார், இதுல கலர் எங்கே இருக்கு?" என்றார். அது நீலமா பச்சையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. முதலில் நிறத்தைச் சொல்லுங்கள், பிறகு அது எப்படி இருக்கும் என்று சொல்லுங்கள் என்றார். எப்படி இருக்கும் என்றால் நான் எங்கே போவேன்? வேலையை உன் அண்ணியிடம் தள்ளினேன். அங்கேதான் சனி பிடித்தது.

அண்ணி உட்கார்ந்து எழுதினாள், தம்பி. இளநீலத்துக்கு, "ஃப்ரிட்ஜைத் திறந்ததும் முகத்தில் படும் காற்று". இதுவரை சரி. கருஞ்சிவப்புக்கு, "கணக்கு உதைக்கும்போது என் வீட்டுக்காரர் பேசும் குரல்". சாம்பலுக்கு, "மாமியார் 'எனக்கு ஒண்ணுமில்ல' என்று சொல்வது". இருக்கா இல்லையா என்று தெரியாத வெளிர் ஊதாவுக்கு, "சாப்பிட்டு எழுந்து, 'பாத்திரத்தை நானே கழுவிடறேன் அண்ணி' என்று கொழுந்தன் கொடுக்கும் வாக்கு". எனக்குத் தெரியாமல் இத்தனையும் நடந்திருக்கிறது. வக்கீலம்மா ஒருவர்தானே கேட்கப்போகிறார் என்று மனசில் இருந்ததை எல்லாம் கொட்டிவிட்டாள். அந்த வாரம்தான் நீ வெப்சைட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று எதையோ நகர்த்தி வைத்தாய், படங்கள் அத்தனையும் காணாமல் போயின. படம் போன இடத்தில் எல்லாம் அண்ணியின் எழுத்து வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு தெருவும் படித்தன. ஒரு மேஸ்திரி கடை வாசலில் நின்று, "அண்ணே, 'எனக்கு ஒண்ணுமில்ல' கலர்ல ஒரு வாளி!" என்று கத்தினார். உள்ளே அம்மா இருந்தார். மானம் கப்பலேறியது. அன்று முதல் அம்மா எதைக் கேட்டாலும் "எனக்கு ஒண்ணுமில்ல" என்று மட்டும்தான் சொல்கிறார். வெளிர் ஊதா நன்றாக விற்கிறது. எல்லா வீட்டிலும் ஒரு கொழுந்தன் இருப்பான் போலிருக்கிறது.

இதற்கிடையில் வக்கீலம்மா அத்தனையையும் கேட்டுவிட்டு ஒரு இளமஞ்சளை எடுத்தார். அண்ணி அதற்கு எழுதியிருந்தது: "மதியம் நாம் படுத்திருக்க, பக்கத்து அறையில் வேண்டியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருக்கும் சத்தம்". நேற்று அவர் வீட்டுக்காரர் போன் செய்தார். "மஞ்சள்னு பில் போடுங்க, வெள்ளையை அனுப்புங்க. அவளுக்குத் தெரியவா போகுது? வெளிச்சுவர் ஆர்டரும் உங்களுக்குத்தான்" என்றார். புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் நாம் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும், சொல். அவர் மனசும் நோகாது, இவர் மனசும் நோகாது. வெள்ளையையே அனுப்பிவிடலாம் என்று தீர்மானித்திருக்கிறேன். ராத்திரி சோறுதான் இறங்கவில்லை. அது வெயிலினால் இருக்கும். ஆகவே நீ உடனே படங்களைத் திரும்பப் போடு, அண்ணி எழுதியதை ஒரு எழுத்து விடாமல் அழித்துவிடு, "கடல் முத்தம்" வகையறாவையே வைத்துவிடு. அப்போதுதான் இந்த வீட்டில் பழையபடி பேச்சு நடக்கும்.

நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, நோய்நொடி அண்டாமல் இருக்க என் ஆசிகள். அம்மாவும் ஆசி சொல்லச் சொன்னார்; சொல்லவில்லை, ஆனால் முகத்தில் தெரிந்தது.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது வக்கீலம்மா போன் செய்தார். "எங்க வீட்டுக்காரர் பேசினாரா சார்?" "எப்போம்மா...?" "பேசினாரா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க." "பேசினாரும்மா." "வெள்ளை அனுப்பச் சொன்னாரா?" "அது வந்தும்மா..." என்று இழுத்தேன், அதையே பதிலாக எடுத்துக்கொண்டார். "வெள்ளைதான் வேணும்னு என்கிட்ட சண்டை போட்டு ஜெயிச்சா, போகட்டும் சார். மஞ்சள்னு சொல்லி வெள்ளையை அடிச்சா, வீட்டுக்கு வர்ற நல்லவங்க ஒவ்வொருத்தரும் 'மஞ்சள் பிரமாதமா இருக்கு'ன்னு என்கிட்ட பொய் சொல்லணும். என் வீட்டுல எனக்கு மட்டும் தெரியாத ஒண்ணு நாலு சுவருலயும் இருக்கும்" என்றார். மஞ்சளைக் கலக்கி நானே கொண்டுபோய் அந்த அம்மா கையில் கொடுத்துவிட்டு வந்தேன். வெளிச்சுவர் ஆர்டர் எதிர்க்கடைக்குப் போய்விட்டது, போகட்டும். எனவே மேலே சொன்ன எதையும் செய்யாதே. படங்களைப் போடு, எழுத்துகளைக் கறுப்பாக்கு, அண்ணி எழுதியதில் கை வைத்தால் தொலைத்துவிடுவேன். வெள்ளைக்கு மட்டும் "வெள்ளை" என்பதற்கு மேல் அவள் ஒன்றும் எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன். "எல்லாரும் யோசிக்காமத்தான் அதைக் கேட்கறாங்க. யாராவது ஆசைப்பட்டுக் கேட்கட்டும், எழுதறேன்" என்கிறாள்.