நாற்பத்திரண்டு புள்ளி மூன்றா, நாற்பத்தொன்று புள்ளி ஏழா

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான், உன் அத்தான், அம்மா மூவரும் உடம்பளவில் நலம். மற்றதைக் கீழே எழுதியிருக்கிறேன். நீ நலமாக இருப்பது தினமும் காலை ஒன்பது மணிக்கு என் மேசைக்கு வந்துசேரும் உன் எண்களிலிருந்தே தெரிகிறது. உடம்பு முடியாதவள் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பனிக்காற்றில் போய்த் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு வரமாட்டாள். ஆகவே நலம் விசாரிப்பதை இத்தோடு நிறுத்திக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தக் கடிதம் வரும் அதே தபால் பையில் அலுவலக உறை ஒன்றும் இருக்கும். அதை முதலில் பிரிக்காதே. அதில் என் கையெழுத்தோடு ஒரு குறிப்பு இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை நீ மைனஸ் 42.3 என்று பதிந்தாயே, அது பிழை, மைனஸ் 41.7 என்று திருத்தப்படுகிறது என்ற குறிப்பு. உன் வானிலை நிலையத்தின் பழைய குளிர்ச் சாதனை மைனஸ் 42.1. அதாவது, சாதனையை நீ முறியடிக்கவில்லை. திருத்தம் விழுந்த பதிவாளருக்கு இரண்டாம் ஆண்டு நீட்டிப்பு கிடையாது என்ற விதியும் உனக்குத் தெரியும். அப்படிக் காலியாகும் இடத்துக்குப் பட்டியலில் அடுத்த பெயர் யாருடையது என்று நீ கேட்பாய். என்னுடையதுதான். அது தற்செயல். போன மாதம் நான் அந்தக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டதும் தற்செயல்.

எனக்கு உன்மேல் பொறாமை இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். இருவரும் ஒரே நாளில், ஒரே பேனாவில் விண்ணப்பம் எழுதினோம். பனியில் வருடக்கணக்கில் இருக்கப் போகிறவர்களுக்கு அங்கே பல் டாக்டர் கிடையாது என்பதால் வாயைத் திறக்கச் சொன்னார்கள். சின்ன வயதில் மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டே தூங்கிய உனக்கு முப்பத்திரண்டும் முத்து மாதிரி இருந்தன. இரண்டு வேளையும் பல் துலக்கிய எனக்கு ஒரு சொத்தை. டாக்டர் டார்ச்சை அணைத்துக்கொண்டே, "உங்க தங்கச்சியப் பாருங்க, எவ்வளவு நல்லா பராமரிச்சிருக்காங்க" என்றார். நான் வாயை மூடினேன். அதிலிருந்து ஏழு மாதமாக, நீ அங்கே அளப்பதை நான் இங்கே சரிபார்க்கிறேன். எங்கள் பிரிவில் ஏசி கெட்டுப்போய் ஐந்து வாரம் ஆகிறது. என் மேசையில் முப்பத்தெட்டு டிகிரி. அது பிளஸ் என்பதால் அதற்கு மரியாதை இல்லை. அம்மா தினமும் ஒன்பதரைக்கு அலுவலகத்துக்குப் போன் செய்கிறாள். "இன்னைக்கு எவ்வளவுடி?" "முப்பத்தஞ்சும்மா." "மைனஸ்தானே?" "ஆமாம்மா, மைனஸ்தான்." "என் தங்கம், எப்படித் தாங்குதோ!" என்று வைத்துவிடுகிறாள். என்னால் தாங்க முடிகிறதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நீ பனியில் நிற்கிற போட்டோவை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். தண்ணீர் எடுக்கும்போதெல்லாம் உன் முகத்தைத் திறந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது.

இந்த நிலையில்தான் செவ்வாய்க்கிழமை உன் 42.3 வந்தது. பத்து மணிக்குள் அலுவலகம் முழுக்கப் பரவி, பதினொன்றுக்குப் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்துவிட்டார். சாதனை படைத்தவரின் சொந்த அக்கா இங்கேதான் வேலை செய்கிறார் என்று யாரோ சொல்ல, கேமராவோடு என் மேசைக்கு ஓடி வந்தார். நான் தலையைச் சரிசெய்துகொண்டேன். "மேடம், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? பின்னாடி இருக்கற மேப் மறைக்குது" என்றார். தள்ளிக்கொண்டேன். மேப்பைப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மத்தியானம் வீட்டுக்குப் போன் செய்தால், அம்மா கட்டடத்தில் பன்னிரண்டு வீட்டுக்கும் மிட்டாய் கொடுத்து முடித்து, லிஃப்ட் ரிப்பேர்காரருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் நான் உன் பதிவேட்டின் பிரதியை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். பழைய தெர்மாமீட்டர் உடைந்ததால் திங்கட்கிழமை மாற்றுத் தெர்மாமீட்டர் பொருத்தியதாக ஓரத்தில் எழுதியிருந்தாய். எந்தத் தெர்மாமீட்டரும் முழு உண்மை பேசாது, எவ்வளவு பொய் சொல்கிறது என்று ஆய்வகத்தில் அளந்து ஒரு திருத்த அட்டை கொடுப்பார்கள் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழையதற்குத் திருத்தம் பூஜ்யம், ஆகவே ஏழு மாதமாகப் பிரச்சினை இல்லை. புதியதன் அட்டையில் இருப்பது மைனஸ் 0.3. நீ கண்ணால் பார்த்தது 42.0. அட்டை கழிக்கச் சொல்கிறது. நாற்பத்திரண்டில் புள்ளி மூன்றைக் கழித்தால் நாற்பத்தொன்று புள்ளி ஏழு. நீ கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டிவிட்டாய்! முகம் கழுவப் போனவள் கண்ணாடியில் பார்த்தால், நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அப்படி ஒரு சிரிப்பை என் கல்யாண போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை. எனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பொறாமை வேறு, கணக்கு வேறு.

கண்காணிப்பாளரிடம் கொண்டுபோனேன். அவரும் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தார். "ஆமாம்மா, நாப்பத்தொண்ணு புள்ளி ஏழுதான் வருது. பாவம், குளிர்ல மூளை உறைஞ்சிருக்கும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். சொந்தத் தங்கை என்றும் பார்க்காமல் நேர்மையாக இருக்கிறேன் என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார். இருபத்திரண்டு வருட வேலையில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல்.

வீட்டில்தான் கைதட்ட ஆளில்லை. அம்மா மூன்று நாளாக என்னோடு பேசுவதில்லை. நேரே சொல்லாமல், நான் பக்கத்தில் இருக்கும்போது சுவரைப் பார்த்துச் சொல்கிறாள்: "கூடப்பிறந்தவ உசிரக் கொடுத்து சம்பாதிச்ச குளிர்ல கை வைக்க எப்படித்தான் மனசு வருதோ சில பேருக்கு!" உன் அத்தானிடம் நியாயம் கேட்டேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, "அரை டிகிரிக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? ஆளுக்குப் பாதியா பிரிச்சுக்கோங்களேன்" என்றார். அரை இல்லை, புள்ளி ஆறு என்றேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். இந்த வெக்கையிலும்.

ஆகவே உனக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். தவறு யாருக்கும் வரும், ஒப்புக்கொள்வதில்தான் பெருமை இருக்கிறது. இரண்டாம் வகுப்பில் உனக்குக் கழித்தல் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். அப்போதும் நீ அவசரப்பட்டுக் கூட்டித்தான் வைப்பாய், அடித்துத் திருத்துவேன். கழித்தால் குறையும். இதில் குழம்ப ஒன்றுமில்லை, நீ எவ்வளவு உயரத்தில், எவ்வளவு குளிரில் இருந்தாலும் சரி. விளக்கக் கடிதத்தை மரியாதையாக எழுது. நான் அங்கே வந்து பொறுப்பேற்கும்போது ஸ்வெட்டர்களை விட்டுவிட்டுப் போ, அளவு சரியாகத்தான் இருக்கும்.

மூத்தவள் என்ற முறையில் உன்னை மனதார ஆசீர்வதிக்கிறேன். அங்கே உள்ள சமையல்காரருக்கும் டாக்டருக்கும் என் வணக்கத்தைச் சொல். அம்மா தன் பங்குக்கு உனக்கு முத்தம் அனுப்பியிருப்பாள், என் மூலமாக அல்ல.

இப்படிக்கு,
உன் நலத்தில் அக்கறையுள்ள
அக்கா

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை ஒட்டிக் கையில் வைத்துக்கொண்டு, ஸ்கூட்டர் எடுக்க அலுவலக லிஃப்டில் இறங்கினேன். வண்டி நிறுத்துமிடம் மைனஸ் இரண்டில். மைனஸ் ஒன்றில் ஒருவர் தலையை நீட்டி, "மேலயா, கீழயா?" என்றார். "கீழ" என்றேன். கதவு மூடியது. கதவுக்கு மேலே மின்னிய மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டாக மாறியது. ஒரு தளம் குறைந்திருக்கிறது, எண் கூடியிருக்கிறது. கதவு திறந்தும் நான் இறங்கவில்லை. இன்னும் இரண்டு தடவை மேலே போய்க் கீழே வந்து பார்த்தேன். மைனஸில் கழித்தால் எண் கூடுகிறது; ஒவ்வொரு தடவையும் நீ சொன்னதுதான் சரியாக வந்தது.

ஓடிப்போய்த் தபால் பையிலிருந்து அலுவலக உறையை எடுத்துக் கண்காணிப்பாளரிடம் வைத்தேன். "சார், கணக்கு தப்பு." "எப்படிம்மா? கால்குலேட்டர்லயே போட்டேனே." "மைனஸ் போட்டீங்களா சார்?" கால்குலேட்டரைக் கையில் எடுத்து மைனஸ் பட்டனைத் தேடினார். "இருபத்தெட்டு வருஷமா இந்த ஆபீஸ்ல மைனஸ்ல கழிக்க வேண்டிய அவசியமே வரலியேம்மா" என்றார். குறிப்பைத் திரும்பப் பெற ஒரு படிவம் உண்டு. அதில் காரணம் எழுத நான்குதான் இருக்கிறது: ஒன்று கருவி, இரண்டு பதிவாளர், மூன்று செய்தி அனுப்பியது, நான்கு எழுத்துப் பிழை. "நாலுன்னு போட்டு விடும்மா" என்றார். என்னால் போட முடியவில்லை. வேறு யாருடைய எண்ணாக இருந்தாலும் இரண்டாம் தடவை போட்டுப் பார்த்திருப்பேன். முதல் தடவையிலேயே எனக்குப் பிடித்த விடை வந்ததால் பேனாவை மூடிவிட்டேன். ஆகவே நான்குக்குக் கீழே இருந்த காலி இடத்தில், 'சரிபார்த்தவரின் பொறாமை' என்று எழுதினேன்.

42.3 உன்னுடையது. நீட்டிப்புக் கடிதம் அலுவலக உறையில் இருக்கிறது. கண்காணிப்பாளர் படிவத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "இதுக்கு நம்மகிட்ட நம்பர் இல்லையேம்மா" என்றார்.

"அஞ்சுன்னு ஒண்ணு சேர்த்துக்கோங்க சார், இன்னும் ஒரு வருஷம் அவ அங்கதான இருக்கப்போறா" என்றேன்.