ஒரு காது மட்டும் குத்திய வரலாறு

சேவூர், ஆரணி
ஞாயிற்றுக்கிழமை

மஸ்கட் மாநகரின் ஏசி மிஷின்களை எல்லாம் அடக்கி ஆளும் அருமை மாப்பிள்ளை ராஜ்குமார் அவர்களுக்கு, சேவூர்ப் பட்டுத்தறிகளின் சக்கரவர்த்தியும் தங்கள் மனைவிக்கு ஒரே அண்ணனுமாகிய ஜெகநாதன் எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் நலம். தங்கை லாவண்யா மட்டும் என்னோடு பேசுவதில்லை. அங்கு தங்கள் நலமும் வெயிலின் நலமும் அறிய ஆவல்.

காதுகுத்து போட்டோவில் பாப்பாவுக்கு ஒரு காதில் மட்டும் கம்மல் இருக்கிறதே, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். பதிலாக, உலகில் ஒருவரும் நம்ப மாட்டாத கதை ஒன்றைச் சொல்வதாகக் குலதெய்வத்தின் மேல் ஆணையிட்டுத் தொடங்குகிறேன். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் லாவண்யா குறுக்கே புகுந்து திருத்துவாள்; ஆகவே கடிதம்.

கோயிலில் எட்டாயிரம் பேர். நம் வீட்டுப் பிரியாணிக்காகக் களம்பூர் அரிசி மில்கள் மூன்று நாள் நிற்காமல் ஓடின. ஐந்து வயது தேவிப்ரியாவை என் மடியில் உட்கார வைத்தார்கள். தாய்மாமன் உத்தியோகம் தங்களுக்குத் தெரியாததா? ஒரு கையால் அவள் இரண்டு கையையும், மறு கையால் தலையையும் அமுக்கிப் பிடிக்க வேண்டும். எங்கள் பெரியம்மா சின்னம்மாள் "அதோ பார் ஏரோப்ளேன்" என்பார். குழந்தை அண்ணாந்து பார்க்கும், பத்தர் குத்திடுவார். தலைமுறை தலைமுறையா வானத்துல வராத ஏரோப்ளேன் அது. ஆனா நம்ம பாப்பா வானத்தைப் பார்க்கல, பெரியம்மாவைப் பார்த்தா.

"வலிக்குமா?"

"எறும்பு கடிக்கிற மாதிரிதான்டி கண்ணு."

"எந்த எறும்பு?"

"புள்ளையார் எறும்பு."

"அது கடிக்கவே கடிக்காதே."

பெரியம்மாவே அண்ணாந்து அந்த ஏரோப்ளேனைத் தேட ஆரம்பிச்சாங்க. கூட்டத்துல யாரோ, "அழுதா போலீஸ் புடிச்சிகினு போய்டும்"னாங்க. "அத பஸ் ஸ்டாண்டுல போலீஸ் மாமாகிட்டயே கேட்டுட்டேன். அவருக்கு நெறைய வேல கீதாம்"னா. அப்புறம் என் பக்கம் திரும்பினா. "நீ சொல்லு மாமா. வலிக்குமா?"

மாப்பிள்ளை, ஐம்பது வருஷமாகப் பட்டோடு பொய்யையும் சேர்த்து நெய்தவன் நான். வாயில் ஒன்பது பொய் ரெடி, சட்டைப் பையில் சாக்லேட்டும் ரெடி. ஆனா அந்தக் கண்ணு ரெண்டும் பார்த்துச்சு பாருங்க, ஒரு ஆளு இன்னொரு ஆளைப் பார்க்கிற மாதிரி. ஒரு முழு மனுஷி என் மடியில உக்காந்துகினு இருக்கா, இத்தினி நாளா நாம ஏதோ பொம்மைன்னு நெனச்சுகினு இருந்திருக்கோம்.

"வலிக்கும்"னேன்.

மேளம் நின்றது. கமண்டல நாகநதி கரை புரண்டு மேடேறிப் பாய்ந்தது. ஆரணி முழுக்கத் தறிகள் ஊமையாயின. "எவ்ளோ நேரம்?" என்றாள். நாற்பது வருஷமாகக் காது குத்தும் பத்தர் முருகேசனை அப்படி ஒருத்தரும் கேட்டதில்லை. ஊசியைக் கீழே வைத்து யோசித்துவிட்டு, "பத்து எண்றதுக்குள்ள கொறஞ்சிடும்மா" என்றார். "கைய வுடு மாமா. நானே எண்றேன்." விட்டேன். பத்தர் ஒரு காதைக் குத்தினார். கண்ணில் தண்ணி ஓட ஓட, குரல் நடுங்காமல் பத்து வரைக்கும் எண்ணினாள். பிறகு, "அந்தக் காதும் இவ்ளோ வலிக்குமா?" "இவ்ளோ வலிக்கும்" என்றேன் நான். "அப்போ இன்னிக்கு வேணாம்."

"புடிடா அவள, ஜல்தி" என்று பெரியம்மா அலறினார். அஞ்சு பலசாலிகள் நெருங்கினார்கள். மதயானையை நிறுத்தக்கூடிய என் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். பாப்பா இறங்கி, பாவாடையைத் தட்டிவிட்டு, நேரா பந்தியில போய் உக்காந்துட்டா. "ஒத்தக் காதோட போனா ஊரு இன்னா சொல்லும்?"னு லாவண்யா அழுதா. ஊரு சொல்லிகினுதான் கீது.

ஒரே ஒரு வேண்டுகோள். வீடியோ காலில், "அந்தக் காதையும் குத்திகினா சைக்கிள் வாங்கித் தர்றேன்" என்று ஆரம்பிக்காதீர்கள். கேளுங்கள். வேணாம்னா, அத்தோட வுட்டுடுங்க. சும்மா சும்மா கேட்டு பேஜார் பண்ணாதீங்க.

வெயிலும் முதலாளியும் தங்களிடம் இரக்கம் காட்ட வேண்டி ஆசீர்வதிக்கும்,
ஜெகநாதன்

பி.கு.: உறையை ஒட்டும் முன் பாப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். எட்டாயிரம் பேர் இல்லையாம், நாப்பது பேராம். ஆத்துல தண்ணியே இல்லையாம். பத்து வரைக்கும் எண்ணலியாம், மூணுலயே அலறினாளாம். நான் கையை விடவே இல்லையாம், அவள் கடித்த பிறகுதான் விட்டேனாம். கையை முதுகுக்குப் பின்னால் கட்டவும் இல்லையாம், கடிபட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றேனாம். "எல்லாத்தியும் கோடு போட்டு அடி மாமா, அப்பாகிட்ட பொய் சொல்லக் கூடாது"ன்னா. வரி வரியாப் படிச்சி அடிச்சிகினே வந்தேன். ஒரு வரி வந்ததும் என் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"அது இருக்கட்டும். வலிக்கும்னு நீ சொன்ன இல்ல, அது நெஜம்."