விக்கரி வம்சத்து இரும்புப் பானை

அன்புள்ள லவீனியா அக்காவுக்கு, தம்பி வில்பர் எழுதுவது. இங்கே நானும் டோரிஸும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை, காரணம் கீழே வருகிறது. ஓஹையோவில் நீயும் அத்தானும் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அக்கா, உட்கார்ந்து படி. பானை நம் வீட்டுக்கு வந்துவிட்டது! நம் முன்னோர் அமோஸ் விக்கரியும் அவர் மனைவி பேஷன்ஸும் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி மாசசூசெட்ஸ் கரையில் இறங்கியபோது கொண்டுவந்த அதே பானை! மூத்த பிள்ளையின் வழிக்குத்தான் பானை, தான் மூத்தவர் ஜொனாதனின் வம்சம் என்று சொல்லிச் சொல்லி, இருபத்தாறு வருஷமாக அந்த முரியல் அதைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆகஸ்ட் வம்சக் கூடுகையிலும் அதில் வெந்த பீன்ஸில் முதல் கரண்டியைத் தானே அள்ளிக்கொண்டு, நம்மைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பாளே, ஞாபகமிருக்கா? அப்பா சாகிறவரை அந்தப் பானையைத் தொட்டதில்லை அக்கா. நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

போன மாதம் சர்ச் கல்லறையில் புல் பிடுங்கப் போனேன். முழங்கால் போனது அங்கேதான். பாசி பிடித்த ஒரு குட்டிக் கல்லைத் தேய்த்தால், ‘ஜொனாதன், அமோஸ் பேஷன்ஸ் தம்பதியின் தலைமகன், வயது இரண்டு’ என்றிருக்கிறது! இரண்டு வயதில் செத்தவனுக்கு முரியல் எப்படி வாரிசாக முடியும்? அந்தக் காலத்தில் ஒரு பிள்ளை செத்தால் அடுத்துப் பிறக்கிறதுக்கு அதே பேரை வைப்பார்களே, அது சட்டென்று பொறி தட்டி, ஓடிப்போய் சர்ச் பதிவேட்டைப் புரட்டினேன். ஏழாவதாக இன்னொரு ஜொனாதன்! முரியல் அந்த ஏழாவதின் வம்சம். இரண்டாவதாகப் பிறந்தவர் நம் கிளையின் முன்னோர் சாமுவேல். அப்படியானால் மூத்த வழி யார்? நாம்தான்! பதிவேட்டின் கடைசியில் பதினொன்றாவதாகவும் ஒரு சாமுவேல் இருந்தது. அந்தக் காலத்துப் பாதிரியார் தூக்கக் கலக்கத்தில் மறுபடி எழுதியிருப்பார் என்று விட்டுவிட்டேன்.

நேற்று கூடுகை. முந்நூறு பேர். முரியல் கரண்டியை எடுத்ததுதான் தாமதம், நான் நாற்காலிமேல் ஏறி, “கரண்டிய கீழ வை முரியல்! உங்க ஜொனாதன் ரெண்டு வயசுலயே போய்ச் சேந்துட்டான்!” என்று கத்தினேன். நாற்காலி உடைந்து நான் புளூபெரிப் பழப் பலகாரம் அடுக்கிய மேஜைமேல் விழ, தூக்கிவிட வந்த பாதிரியார் வழுக்கி என்மேல் விழ, ஒரே களேபரம். நான் விடவில்லையே! படுத்தபடியே கல்லின் போட்டோவை நீட்டினேன்.

முரியல் முகம் சுண்டிப்போயிற்று. “இத்தன வருஷமா எண்ண போட்டு எண்ண போட்டுத் தேச்சு வச்சேனே, வில்பர்” என்றாள். ஒரு நிமிஷம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வாய் சும்மா இருக்கிறதா? “கவலப்படாத, தட்டு கழுவ ஆள் போதலயாம், நார்மன் பக்கத்துல போய் நில்லு” என்றேன். கடைசிப் பிள்ளையின் வழிதானே முந்நூறு பேர் தட்டையும் கழுவ வேண்டும்! பத்தாவது பிள்ளையின் வாரிசான நம் நார்மன் நாற்பது வருஷமாகக் கழுவுகிறான். நுரைக் கையோடு அவன்கூடக் கைதட்டினான். டோரிஸ்தான், “ரொம்ப ஆடாதீங்க” என்றாள். அவளைப் பின்சீட்டில் உட்கார வைத்து, பானையை முன்சீட்டில் பெல்ட் போட்டுக் கூட்டிவந்தேன்.

அடுத்த ஆகஸ்டுக்கு நீ கட்டாயம் வரணும். முதல் கரண்டி உனக்கு. அத்தானுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. கர்த்தர் உங்களைக் காப்பாராக.

உன் தம்பி,
வில்பர் விக்கரி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது முரியல் போன் செய்தாள். காலையிலேயே பிரஷ்ஷோடு கல்லறைக்குப் போயிருக்கிறாள். “வில்பர், ஜொனாதன் பக்கத்துலயே இன்னொரு குட்டிக் கல்லு இருக்குப்பா. தேச்சுப் பாத்தேன். சாமுவேல், வயசு நாலு.” பாதிரியார் தூங்கவில்லை அக்கா. நாம் அந்தப் பதினொன்றாவதின் வம்சம். பானையை எடுத்துப்போக மூன்றாவது பிள்ளையின் வம்சம் நாளை வருகிறது. நார்மன் தன் ஏப்ரனை நம் கதவில் மாட்டிவிட்டு விசிலடித்துக்கொண்டு போகிறான். ஆகஸ்டுக்கு நீ கட்டாயம் வரணும். வரும்போது ரப்பர் கையுறை இரண்டு ஜோடி வாங்கி வா.