காஹாங் மிஸ்ஸியும் என் இரவல் கால்களும்

மனிதர்களுக்கு முகம் என்று ஒன்று இருப்பதையே மறந்து வாழ்பவர், ஜொகூர் மாநிலத்தில் எனக்குத் தெரிந்து காஹாங் மிஸ்ஸி ஒருவர்தான். செருப்புக் கடைக்காரர்கள்கூட நடுவில் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்கள். மிஸ்ஸிக்கு முழங்காலுக்கு மேலே யாரும் தேவையில்லை.

தாதியரை மிஸ்ஸி என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். காஹாங்கில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, எங்களைப் போன்ற கனத்த கர்ப்பிணிகளுக்குப் போன் வழியாக உடற்பயிற்சி சொல்லித் தந்தார். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் ஏழு பேரில் ஒருத்திக்கும் தெரியாது. கேட்கிற அளவுக்கு எங்களிடம் மூச்சு மிச்சமிருந்ததில்லை.

நான் இருப்பது ஸ்கூடாயில். முதல் கர்ப்பம் மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. அடுத்தது தங்கியபோது, என் எடையைப் பார்த்த கிளினிக் டாக்டர் தினமும் வீட்டிலேயே கொஞ்சம் அசையச் சொன்னார். மாமியார் அசையாமல் படுக்கச் சொன்னார். இருப்பது ஒரு வயிறு, அதை வைத்துக்கொண்டு நான் யார் பேச்சைத்தான் கேட்பது? இந்தப் பிள்ளையையாவது கையில் வாங்கிவிட வேண்டும் என்ற பயத்தில் டாக்டர் தந்த மிஸ்ஸியின் எண்ணை அழைத்தேன்.

"பசியாறியாச்சா?" என்றார் மிஸ்ஸி.

"ஆச்சு மிஸ்ஸி."

"அப்ப போன கீழ வை. கால காட்டு."

"முகம் தெரிய வேணாமா மிஸ்ஸி?"

"முகத்த பாத்து என்ன செய்ய? எல்லா மூஞ்சியும் களைச்சுப் போய்தான் இருக்கும். பாத்தா எனக்குப் பாவமா போயிரும், விட்டுருவேன். காலு நடக்குதா நிக்குதான்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

மறுநாளிலிருந்து, காலை பத்தரை ஆனால் போதும், போன்கள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிடும். திரையில் ஏழு ஜோடிக் கால்கள். நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வேண்டும். சுவரைத் தள்ள வேண்டும். ஆளுக்கு இரண்டு பால்மாவு டின்னைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நடக்க வேண்டும். எங்கேயும் போய்ச் சேராத நடையைப் போல மனுஷியை அலுக்க வைப்பது வேறொன்றும் இல்லை. என் கணவர் விடியுமுன்பே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குக் கிளம்பிவிடுவார். எல்லைப் பாலத்து நெரிசலில் நிற்கும் அவரைவிட நான் அதிகமாகக் களைத்திருந்தேன் என்பதை அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

செம்பனைக் குலை லாரி மிஸ்ஸி வீட்டைத் தாண்டினால் லைன் உறைந்துவிடும். லாரிக்கும் லைனுக்கும் என்ன பகையோ தெரியாது. ஒருநாள் குதிகாலைத் தூக்கி நிற்கச் சொல்லி, "அப்படியே நில்லுங்க" என்றதோடு உறைந்துவிட்டார். நிறுத்தச் சொல்ல ஆளில்லை. ஏழு பேரும் நாற்காலியைப் பிடித்தபடி நின்றோம், நடுங்கினோம், ஒவ்வொருவராக இறங்கினோம். திரும்பி வந்ததும் மிஸ்ஸி கேட்ட முதல் கேள்வி, "யாரு எறங்கச் சொன்னது?"

"மிஸ்ஸி, நீங்க போயி பத்து நிமிஷம் ஆச்சு லா" என்றாள் யோங் பெங்கிலிருந்து சேர்ந்திருந்த பெண்.

"நான் எங்க போனேன்? இங்கதான ஒக்காந்திருக்கேன். ஏறுங்க மறுபடியும்."

எட்டாம் மாதத்தில் எனக்கு அறவே முடியவில்லை. தலை கனத்தது, கால் செருப்புக்குள் நுழைய மறுத்தது. அந்த நேரம் பார்த்து விடுமுறைக்கு வந்த என் தங்கை சுமதி ஒரு யோசனை சொன்னாள்.

"காலத்தானக்கா பாக்குறாங்க. நான் நிக்கிறேன், நீ படு."

சுமதியின் கால் கொக்குக்கால். அதனால் என் கணவரின் மழைக்கால சாக்ஸை மாட்டி, உள்ளே இரண்டு சின்னத் துண்டுகளைத் திணித்து, மேலே என் தொளதொள கஃப்தான் அங்கியைப் போட்டுவிட்டோம். நான் சோபாவில் படுத்துக்கொண்டு, கேள்வி வந்தால் குரல் கொடுப்பதாக ஏற்பாடு.

சுமதி நாற்காலியிலிருந்து முப்பது தடவை எழுந்து உட்கார்ந்தாள். பிறகு மிஸ்ஸி மெதுவாக என் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

"ஸ்கூடாய், இது யாரு காலு?"

"என்னோடதுதான் மிஸ்ஸி" என்றேன் சோபாவிலிருந்து.

"காலு நடுவுல நிக்குது, குரலு ஓரத்துலேர்ந்து வருது. முப்பது தடவ எந்திரிச்சும் மூச்சு வாங்கல. சாக்ஸுக்குள்ளேர்ந்து வேற என்னமோ எட்டிப் பாக்குது."

துண்டு ஒன்று சாக்ஸின் விளிம்பு வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது. மற்ற ஆறு பேரும் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது.

"சரி, உன் கால எடுத்துட்டு வா" என்றார் மிஸ்ஸி.

சோபாவிலிருந்து காலைத் தொங்கவிட்டேன். மிஸ்ஸி சிரிக்கவில்லை.

"தங்கச்சி, கட்டவிரலால அக்கா காலு எலும்பு மேல அமுக்கிப் புடி. இப்ப எடு."

சுமதி விரலை எடுத்த இடத்தில் குழி அப்படியே நின்றது.

"தலவலி இருக்கா?"

"ரெண்டு நாளா. கண்ணு முன்னால பூச்சி பறக்குற மாதிரியும் இருக்கு மிஸ்ஸி. மாசமா இருந்தா எல்லாருக்கும் இப்படித்தான்னு நெனச்சேன்."

"கெளம்பு. துணி எடுக்காத, புருஷன் வரட்டும்னு காத்திருக்காத. தங்கச்சி, கார கூப்புடு. ஆஸ்பத்திரியில போயி பிரஷர்னு சொல்லு."

பிரஷர் எகிறிப் போயிருந்தது. இன்னும் ஒருநாள் போயிருந்தால் இருவருக்குமே ஆபத்து என்றார்கள். ஐந்து வாரம் முன்னதாகவே வயிற்றைத் திறந்து பிள்ளையை எடுத்தார்கள். சின்னஞ்சிறு பெண். கையில் தர மாட்டோம் என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். ஆனால் அழுதாள், நன்றாக, ஊருக்கே கேட்கும்படி.

அந்த நேரத்தில் திரையில் நடந்ததைப் பிற்பாடு யோங் பெங் பெண் சொன்னாள். நான் கிளம்பிய பிறகு மிஸ்ஸி வகுப்பு முடிந்தது என்று சொல்லவில்லை, பயிற்சியும் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி போனையே பார்த்துக்கொண்டிருந்தாராம். ஆறு பேரும் லைனைத் துண்டிக்கவில்லை. அங்கங்கே சோறு வெந்தது, துணி காய்ந்தது. சாயங்காலம் சுமதியின் செய்தி வந்ததும் மிஸ்ஸி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒக்காந்தே இருந்தா ஒடம்பு என்னத்துக்கு ஆகும்? எந்திரிங்க, பத்து தடவ" என்றாராம். ஆறு பேரும் அழுதுகொண்டே எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

இரண்டு வாரம் கழித்து மகளைக் கையில் வாங்கினேன். பொய்க்கால் காட்டியதற்கு மன்னிப்புக் கேட்க மிஸ்ஸியை அழைத்தேன். "அதெல்லாம் இருக்கட்டும், நீ எப்ப வகுப்புக்கு வர்ற?" என்றார். போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மகளுக்கு இப்போது ஒன்றரை வயது. எனக்குக் களைப்பு இன்னும் தீர்ந்தபாடில்லை. மிஸ்ஸியும் என்னை விட்டபாடில்லை. ஆனால் காஹாங் பக்கம் பெருமழை, ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று கேள்விப்பட்டால், அவர் போனை எடுக்கும்வரை எனக்கு இருப்புக் கொள்வதில்லை.