கல்லடியில் ஒரு கப்பல் தீப்பற்றிய கதை

எனக்கு இங்கிலீஸ் தெரியும் என்று இந்த உலகத்தில் நம்பியவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் என் அம்மா. மற்றவர் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து வந்த ஒரு கப்டன். அம்மா இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

கப்டன் வேலை பார்த்தது மணிலாவில் உள்ள ஒரு கம்பனியில். தங்கள் நாட்டு இளைஞர்களைத் தேடிப் பிடித்து, பழக்கி, உலகத்துக் கப்பல்களுக்கெல்லாம் அனுப்புவது அவர்கள் தொழில். ஒரு வருசம், இலங்கையிலும் ஆள் எடுத்துப் பார்த்தால் என்ன என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. வாவியில் தோணி வலிக்கிற பிள்ளைகள் கப்பலில் தடுமாற மாட்டார்கள் என்று யாரோ சொல்ல, கல்லடியில் வாவிக்கரையோரமாக ஒரு வளவை வாடகைக்கு எடுத்து, பன்னிரண்டு பேரைத் தெரிந்தெடுத்து, இரண்டு கிழமைப் பயிற்சி தொடங்கினார்கள். கடைசி நாள் கப்பல் முதலாளி தரப்பிலிருந்து ஒருவர் வந்து பார்ப்பார். அவர் தலையாட்டினால் மணிலா. இல்லாவிட்டால் பழையபடி வாவி.

நான் போனது மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு. நேர்முகத்தில் கப்டன் மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் "யெஸ் சேர், வெரி குட்" என்றேன். மூன்றாவது கேள்வி, உனக்கு ஏதாவது நோய் இருக்கிறதா என்பது என்று பிறகுதான் தெரியவந்தது. ஆனாலும் வேலை கிடைத்தது. (வேறு எவரும் வரவில்லை.)

எங்கள் இருவருக்கும் அமோகமாக ஒத்துப்போனது. காரணம், கப்டனுக்கு வாயில் 'ஃப' வராது. எனக்கும் வராது. அவர் 'பைவ்' என்பார், நானும் 'பைவ்' என்பேன். உலகத்திலேயே சுத்தமான இங்கிலீஸ் எங்கள் இருவருடையதுதான் என்ற நினைப்பில் நடமாடினோம்.

சமையலுக்கு என் அக்காவைச் சேர்த்துவிட்டிருந்தேன். பத்து மணிக்குப் பெடியன்களுக்கு அக்கா பயறு அவித்து, தேங்காய்ப்பூ போட்டுக் கொடுப்பா. கப்டனுக்கு அதில் உயிர். அவர்கள் நாட்டிலும் பயறு சமைப்பார்களாம். தமிழில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டுப் படித்துக்கொண்டார். அன்றிலிருந்து பத்து மணியானால் குசினி வாசலில் நின்று, "பயர்! பயர்!" என்று அவரே கூவி எல்லோரையும் அழைப்பார். கடைசி எழுத்து அவருக்கு வாயில் நிற்காது. நாங்களும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

கடைசி நாள் வந்தது. பார்க்க வந்தவர் ஒரு வெள்ளைக்கார அம்மா. சிரிப்பைக் கப்பலிலேயே விட்டுவிட்டு வந்த முகம். கையில் நேரம் கணக்கிடும் கடிகாரம். காலையில் நீச்சல், கயிறு முடிச்சு, எல்லாவற்றிலும் பெடியன்கள் வெளுத்து வாங்கினார்கள். வயிற்றில் ஒன்றும் இல்லாமல் பன்னிரண்டு பேரும் கரையில் வரிசையாக நின்றார்கள். நான் கையில் ஒலிபெருக்கியோடு நடுவில் நின்றேன். கப்டன் சொல்லுவதைத் தமிழில் கத்துவது மட்டுமே என் வேலை.

எனக்குத் தெரியாமல் குசினிக்குப் பின்னால் ஒரு இரும்புப் பீப்பாயில் பச்சை ஓலையைப் போட்டு மூட்டியிருக்கிறார்கள். கப்பல் குசினியில் தீப்பிடித்தால் என்ன செய்வார்கள் என்று பார்க்கும் திடீர்ச் சோதனை. நேரம், பத்து மணி. கப்டன் குசினி வாசலுக்கு ஓடிவந்து கைகளை ஆட்டினார்.

"பயர்! பயர்! கிச்சன்!"

நான் ஒலிபெருக்கியைத் தூக்கினேன். "பயறு ரெடியாம். எல்லாரும் குசினிக்கு வாங்க."

பன்னிரண்டு பேரும் பறந்தார்கள். தீயணைக்கும் கருவிகளைத் தாண்டி, மணல் வாளிகளைத் தாண்டி, நேரே புகைக்குள் போய், பீங்கான்களை எடுத்துக்கொண்டு சப்பணம் கட்டி இருந்தார்கள். கப்டன் இன்னும் பலமாகக் கத்தினார். கெதியாகச் சாப்பிடட்டாம் என்று நானும் பலமாகக் கத்தினேன். வாகரையிலிருந்து வந்த தவம் என்ற பெடியன் மட்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்து, பயறு புகை மணக்கிறது, பரவாயில்லையா என்று விசாரித்தான். வெள்ளைக்கார அம்மா கடிகாரத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, மறுபடி கடிகாரத்தைப் பார்த்தா.

மானத்தைக் காப்பாற்ற நினைத்தோ என்னவோ, கப்டன் அடுத்த சோதனைக்குத் தாவினார். உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்குதுறையிலிருந்து வாவிக்குள் குதிப்பது. "அபாண்டன் ஷிப்!" என்றார். அபாண்டன் என்றால் கைவிடுவது. இது எனக்குத் திடமாகத் தெரியும். சட்டை மாட்டி முடித்தவர்களிடம் துக்கத்தோடு அறிவித்தேன், கப்பல் வேலையைக் கைவிட்டாச்சாம் என்று.

பன்னிரண்டு பேரும் பீங்கானைக் கழுவி வைத்துவிட்டு, வரிசையாகப் படலையால் வெளியே போனார்கள்.

எங்கே போகிறார்கள் என்று அந்த அம்மா கேட்டா. வீட்டுக்கு என்றேன். கப்டன் என்னிடம் நிதானமாக, சொல்லுக்குச் சொல், நான் என்ன சொன்னேன் என்று விசாரித்தார். முடியும்போது அவர் இறங்குதுறையில் குந்திவிட்டார். தவம் இந்தப் பயிற்சிக்காக இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தவன். மற்றவர்களும் ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தவர்கள். என் ஒரு வாயால் பன்னிரண்டு பேரின் கப்பலைக் கவிழ்த்துவிட்டேன்.

ஓடினேன். செருப்பு ஒன்று வழியிலேயே நின்றுவிட்டது. பாலத்தடி பஸ் தரிப்பில், செம்மஞ்சள் உயிர்காப்புச் சட்டையோடு பன்னிரண்டு பேர் நிற்க, சனம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. மூச்சு வாங்க வாங்க உண்மையைச் சொன்னேன். அடிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். தவம்தான் முதலில் பேசினான்.

"அண்ணன், நீங்க வாயத் திறக்காம இருந்தா நாங்க எல்லாத்தையும் சரியாச் செய்வம்."

எல்லோரையும் கூட்டிக்கொண்டு திரும்பியபோது, அதையேதான் அந்த அம்மாவும் நிபந்தனையாகப் போட்டா. இன்னொரு முறை பார்ப்பா, ஆனால் மொழிபெயர்ப்பாளர் படலைக்கு வெளியே நிற்க வேண்டும். நின்றேன், ஒற்றைச் செருப்போடு. உள்ளே கப்டன் கையாலும் கண்ணாலும் காட்ட, பெடியன்கள் தீயை அணைத்து, வாவிக்குள் குதித்து, கடிகாரம் அசரும்படி முடித்தார்கள். பன்னிரண்டு பேரும் தேறினார்கள். அந்த அம்மா எழுதிய அறிக்கையை அன்று பின்னேரம் கப்டன் எனக்கு வாசித்துக் காட்டினார். இந்தப் பயிற்சியாளர்களின் கீழ்ப்படிவு அபூர்வமானது, சொன்னால் நெருப்புக்குள்ளும் போவார்கள் என்று எழுதியிருந்ததாம். வாசித்து முடித்து என் முதுகில் தட்டிவிட்டு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். அதை நான் சரியாகவே மொழிபெயர்த்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பயறுக்குப் பயறு என்ற பெயர் இல்லை. அக்கா அதை 'நெருப்பு' என்றுதான் சொல்லுவா. போன மாதம் ஆயுள் காப்புறுதி விற்க ஒரு மனுசன் வந்து, முன்னறையில் இருந்து எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அக்கா, "குசினியில நெருப்பு, எல்லாரும் வாங்க" என்று கூப்பிட்டா. மனுசன் பையைப் போட்டுவிட்டு, வாசலால் பாய்ந்து, நடு ரோட்டில் போய் நின்றார்.

பயிற்சி ஒன்றும் இல்லாமல், முதல் தடவையிலேயே சரியாகச் செய்தவர் அவர் ஒருவர்தான்.