ஏழு வார்த்தைகள் காணாமல் போன வழக்கு

உலக இலக்கியத்தை உரியவர்களிடம் ஒப்படைப்பதில் ராஜபாளையத்துக்கு நிகரான ஊர் பூமியில் இல்லை. அங்கே ‘பேரிலக்கிய நல்மொழிபெயர்ப்புத் தேர்வுக் குழு’ என்று ஒன்று இருக்கிறது. தலைவர், ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் சிவபாண்டி. ‘மகளிர் பிரதிநிதி’, தையல்கடை இர்ஃபானா.

அன்றைக்கு விசாரணைக்கு வந்தவை ஒரே பிரெஞ்சு நாவலின் இரண்டு தமிழாக்கங்கள். ஒன்று தடி, ஒன்று ஒல்லி. தேர்வாகும் புத்தகத்தில் இருபது பிரதிகள் குழுவின் நூலகத்துக்கு வாங்கப்படும். ஒல்லிப் புத்தகத்தை இர்ஃபானா சாயங்காலங்களில் மில் பெண்கள் பதினைந்து பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்துக் காட்டியிருந்தாள். தாங்களே படிக்க ஆளுக்கொரு பிரதி வேண்டும் என்று அவர்கள் நச்சரித்தார்கள். எப்படியாவது வாங்கித் தந்துவிட வேண்டும் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

“ரெண்டையும் முழுசாப் படிச்சேன் சார்” என்றாள்.

குழு அவளை இரக்கத்தோடு பார்த்தது.

“முழுசாப் படிச்சா நடுநிலை போயிருமேம்மா!” என்றார், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த பேராசிரியர் சுயம்புலிங்கம். பிறகு தடிப் புத்தகத்தைத் திறந்து உரக்க வாசித்தார்: “அவளால் எழுதப்பட்டதாக இருந்த அந்தக் கடிதமானது அவனால் பிரிக்கப்படுதல் என்பதற்கு உள்ளாக்கப்படாததாகவே இருந்துகொண்டு இருந்தது.”

“ஒண்ணுமே வெளங்கல!” செயலாளர் ஞானதுரை பரவசத்தில் கண்ணை மூடிக்கொண்டார். “உலகத் தரம்!”

இர்ஃபானா அதே வரியை ஒல்லியிலிருந்து வாசித்தாள்: “அவள் கடிதத்தை அவன் பிரிக்கவில்லை.”

சிவபாண்டி விரல் விட்டு எண்ணினார். “அதுல பதினொண்ணு, இதுல நாலு. ஏழு வார்த்தையக் காணோம். ஒத்த வரியிலயே இப்படின்னா, புத்தகம் பூராவும் எம்புட்டு அமுக்கியிருப்பான்?”

“அர்த்தம் அப்படியே இருக்கே சார்! கேட்டவுக அழுதாக, சிரிச்சாக.”

“அழுதது சரி. சிரிச்சது எத்தன பேரு?”

“பதினஞ்சு பேரும்.”

அவர் குறித்துக்கொண்டார். ஒல்லிப் புத்தகம் திருட்டுக்குச் சாட்சியான ‘தொண்டிப் பொருளாக’ அவருடைய பைக்குள் போனது. தடி ‘ஒருமனதாக’த் தேர்வானது. இர்ஃபானா போட்ட சத்தத்தை மினிட் புத்தகத்தில் ‘உற்சாக ஆதரவு’ என்று எழுதினார்கள்.

இருபது பிரதிகள் வந்தன. மில் பெண்கள் ஆளுக்கொன்று ஆசையாக எடுத்துப்போனார்கள். ஒரே வாரத்தில் பதினைந்தும் திரும்பி வந்தன.

“மன்னிச்சிருங்கக்கா” என்றாள் கனகலட்சுமி, மற்ற பெண்களுக்கும் சேர்த்து. “நீங்க வாசிச்சப்ப புரிஞ்ச மாதிரி இருந்துச்சு. எங்களுக்குத்தான் அறிவு பத்தலக்கா. இனி இந்தப் பக்கம் வரல.”

இர்ஃபானாவுக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. சிவபாண்டி பூரித்துப்போனார். அவருடைய சர்வீஸிலேயே இவ்வளவு சுத்தமாக ஒரு வழக்கு முடிந்ததில்லை: நாவலைக் கொன்றது குழு, குற்றத்தை ஒப்புக்கொண்டு தலைகுனிந்து போனவர்கள், பதினைந்து வாசகர்கள்.