தாராவுக்கு ஒன்பது பிள்ளைகள்

தாரா என்றால் வாத்து. இதை முதல் வரியிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து பினாங்குக்கு வந்த எங்கள் குடும்பத்தில் வாத்தை யாரும் வாத்து என்று சொன்னதே கிடையாது. தாரா முட்டை, தாராக் கறி, அசைந்து அசைந்து நடப்பவனுக்குத் தாரா நடை. தமிழர் எல்லோருமே அப்படித்தான் சொல்வார்கள் என்று இருபத்தெட்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். (இருபத்தெட்டு வயதில் ஒருவன் எவ்வளவு மடையனாக இருக்க முடியும் என்பதற்கு நானே சாட்சி.)

அப்போது நான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. டத்தோ கிராமத் சாலைக்குப் பின்னால், சதுப்பு நிலத்தை ஒட்டிய வரிசையில், ஒரு பலகை வீட்டில் தனியாகக் குடியிருந்தேன். தைப்பிங்கில் எனக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்திருந்தது. பெண்ணின் பெயர் லூர்து மேரி. அவள் அப்பா அங்கே ஆஸ்பத்திரியில் டிரெசர். காயத்துக்கு மருந்து போட்டுக் கட்டுகிறவர், காரைக்கால்காரர், சிரித்து யாரும் பார்த்ததில்லை.

அவளை நான் பார்த்தது ஒரே ஒரு முறை. புக்கிட் மெர்தாஜாமில் அன்னம்மாள் கோயில் திருவிழாக் கூட்டத்தில் அவளுடைய மெழுகுவர்த்தி காற்றில் அணைந்துவிட்டது. பக்கத்தில் நின்ற என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல், என் மெழுகுவர்த்தியில் பற்ற வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவுதான், என் கதை முடிந்தது. அதற்கு முன்பே மூன்று சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. இதுவும் தட்டிப்போனால் வேறு பெண்ணைப் பார்க்க எனக்கு மனசே இல்லை.

“வருகிற ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறேன்” என்று டிரெசர் கடிதம் போட்டிருந்தார்.

வீட்டுக்கு ஒரு குறையும் இல்லை. வாசலில்தான் வினை. படியை ஒட்டி, தலை போன பழைய தென்னை மரம் ஒன்று நின்றது. அதன் உச்சியில் ஒரு பொந்து. அந்தப் பொந்தில் ஒரு மாதமாக ஒரு ஜோடி காட்டுத் தாரா குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. பின்னால் அத்தனை பெரிய சதுப்பு கிடக்க, அதற்கு என் வாசல்தானா கிடைத்தது! விடிவதற்கு முன்பே கூரைமேல் வந்து உட்கார்ந்து, தெருப் பொறுக்கி மாதிரி சீட்டி அடிக்கும். ஆபீசுக்கு வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு படி இறங்கினால், அந்தக் கணத்துக்காகவே காத்திருந்ததுபோல் தலைக்கு மேலிருந்து எச்சம். “ச்சூ தாரா! போ தாரா!” என்று தினமும் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்துவேன்.

கம்பை எடுத்தால் போதும், அடுத்த வீட்டிலிருந்து வீட்டுக்காரி நியோன்யா, மலாய் பேசுகிற சீனத்தி, ஓடி வந்துவிடுவாள்.

“ஜங்கான்! இத்து உந்தோங்!”

தொடாதே, அது அதிர்ஷ்டம் என்று அர்த்தம். ஜோடி வாத்து வாசல் தேடி வந்தால் அந்த வீட்டில் கல்யாணம் கூடிவரும் என்று அந்தச் சீனத்திக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. கோட்டைத் துவைத்துத் துவைத்து என் கை தேய்ந்ததுதான் மிச்சம்.

சனிக்கிழமை காலையில் குஞ்சு பொரித்துவிட்டது. நியோன்யா தானே ஏணி வைத்து ஏறி எண்ணினாள். ஒன்பது. உடனே என் வாசற்படிக்குக் குறுக்கே ஒரு சிவப்புத் துணியைக் கட்டினாள். தாய் தானாகக் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு போகும்வரை இந்த வழியாக ஒருவரும் நடக்கக் கூடாதாம். பின்வாசல் இருக்கிறதே!

பின்வாசல் இருந்தது. கக்கூஸ் வாளி எடுக்கிறவர்கள் வந்துபோகும் சந்தில் இருந்தது. இஸ்திரி போட்ட கோட்டும் சோலார் தொப்பியுமாக வருகிற மனிதரை, “இப்படி வாங்க மாமா” என்று அந்த வாளிகளுக்கு நடுவே கூட்டிக்கொண்டு வந்தால் எவன் பெண் கொடுப்பான்?

தபாலாபீசுக்கு ஓடினேன். தந்தியை இங்கிலீஷில் கொடுத்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. வருங்கால மாமனாருக்கு இங்கிலீஷில் உத்தரவு போடுவது மரியாதை இல்லை என்று, தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் எழுதினேன். குஞ்சு என்று எழுதக் கூச்சமாக இருந்தது. (சம்பந்தி வீட்டுக்குப் போகிற தந்தி ஐயா!) அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை என்கிறோமே என்று அதையும் மரியாதையாக மாற்றினேன். கடைசியில் எழுதிக் கொடுத்தது இதுதான்:

“தாரா வாசலில் இருக்கிறது. ஒன்பது பிள்ளைகள். நாளை வரவேண்டாம்.”

“இருக்கிறது” என்பது அதிகப்படி என்று கவுண்டரில் இருந்தவர் அடித்துவிட்டார். நானும் தலையாட்டினேன்.

மறுநாள் பூசை முடிந்து சந்து வழியாக வீட்டுக்குள் வந்தால், முன்வாசலில் டிரெசரின் குரல். வரவேண்டாம் என்றால் மனிதர் முதல் ரயிலைப் பிடித்து வந்திருக்கிறார்! சன்னலைத் திறந்தேன். சிவப்புத் துணிக்கு அந்தப் பக்கம், கையில் குடையோடு, நியோன்யாவிடம் மலாயில் விசாரித்துக்கொண்டிருந்தார்.

“சினி தாரா அடா?” இங்கே தாரா இருக்கிறாளா?

ஒரு மாதமாக நான் கத்தியதைக் கேட்டுக் கேட்டு, உலகத்திலேயே அந்தச் சொல் தெரிந்த ஒரே நியோன்யா அவளாகத்தான் இருப்பாள். முகமெல்லாம் சிரிப்பு.

“அடா, அடா! அனாக் செம்பிலான்!” இருக்கிறாள், பிள்ளை ஒன்பது என்று விரலை வேறு விரித்துக் காட்டினாள்.

நான் பதறிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

“வாங்க மாமா...”

“யாருடா உனக்கு மாமா? எத்தனை வருஷமா நடக்குது இது?”

“ஒரு மாசமாத்தான்.”

“ஒரு மாசத்துல ஒம்பதா?”

“ஆமாங்க. எல்லாம் ஒரே தடவையில. நேத்துக் காலையிலதான்.”

எத்தனையோ பிரசவம் நடந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். அவருக்கே தலை சுற்றியிருக்க வேண்டும், குடையை ஊன்றிக்கொண்டார்.

“என் பொண்ணு வந்தா அவள எங்கடா வைப்பே?”

“கல்யாணத்துக்குள்ள விரட்டிடுவேன் மாமா. கம்பெடுத்தும் பார்த்தேன், இந்த நியோன்யா விட்டாத்தானே!”

“அடப்பாவி! பிள்ளை பெத்தவளக் கம்பால அடிக்கவா போனே?”

அவர் ஏன் இப்படிக் கொதிக்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை. மனிதருக்கு ஜீவகாருண்யம் அதிகம் போலிருக்கிறது, சமாதானமாக ஏதாவது சொல்வோம் என்று வாயைத் திறந்தேன். என் வாய்க்குச் சனி அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

“போன வாரமே கறி வெச்சிருந்தா இந்தத் தொல்லையே இல்லீங்க மாமா.”

டிரெசர் குடையை ஓங்கினார். சிவப்புத் துணி அறுந்து விழுந்தது. அதே நேரம் தரையிலிருந்து ஒரு சீட்டி. தாய்த் தாரா எப்போதோ கீழே இறங்கி நின்று பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. பொந்திலிருந்து ஒரு பஞ்சு உருண்டை எட்டிப் பார்த்தது, குதித்தது, டிரெசரின் சோலார் தொப்பியில் தொப்பென்று விழுந்து, அங்கிருந்து மண்ணுக்கு உருண்டது. அதன் பின்னால் ஒன்று. அப்புறம் ஒன்று. ஓங்கிய குடையை இறக்காமலே அவர் எண்ணினார். உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது.

எட்டோடு நின்றது. ஒன்பதாவது வழுக்கி, வாசல் சாக்கடையில் விழுந்து கீச்சுக் கீச்சென்று கத்தியது. டிரெசர் குடையை என் கையில் கொடுத்தார். இஸ்திரி போட்ட காற்சட்டையோடு முழங்கால் வரை சாக்கடையில் இறங்கி, காயம்பட்ட விரலைத் தொடுவதுபோல் அதைத் தூக்கி, தாயிடம் விட்டார். பத்தும் வரிசையாகச் சதுப்பைப் பார்த்து நடந்தன.

“இதுவாடா தாரா?”

“ஆமாங்க மாமா.”

“எங்க ஊர்ல இதுக்கு வாத்துன்னு பேரு.”

சொல்லிவிட்டு என் வாசற்படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். நியோன்யா காப்பி கொண்டுவந்து கொடுத்து, “உந்தோங்!” என்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். எனக்கு அவள்மேல் வந்த கோபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை.

அந்தத் தந்தி வந்த அன்று லூர்து மேரி தைப்பிங்கில் சாப்பிடாமல் அழுதாளாம். எனக்காக ஒரு பெண் அழுதிருக்கிறாள் என்று கேட்டபோது, சொல்லக் கூடாது, கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்குத் தண்டனையை இன்றுவரை அனுபவிக்கிறேன். சாயங்காலம் கூரைக்கு மேல் சீட்டி கேட்டால் போதும், அடுப்படியிலிருந்து குரல் வரும்: “என்னங்க, உங்க மூத்தாள் கூப்பிடுறா!”

எங்களுக்கு எட்டுப் பிள்ளைகள். எட்டாவது பிறந்த அன்று தைப்பிங்கிலிருந்து மாமனாரின் தந்தி வந்தது. இங்கிலீஷ் எழுத்தில், நல்ல தமிழில்:

“சந்தோஷம். தாராவுக்கு ஒன்பது.”

படித்துக் காட்டினேன். கட்டிலில் கிடந்தவள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

“அவளே ஜெயிச்சதா இருக்கட்டும்னு அப்பாவுக்குப் பதில் தந்தி குடுங்க. இந்தத் தடவ இங்கிலீஷ்ல குடுங்க.”